நடன வரலாற்றை ஆராய வருகிறவர்களுக்கு: கூலியிலிருந்து தொடங்குங்கள்

நடனத்தில் எம்.ஏ. முடித்துவிட்டு அடுத்தது பிஎச்.டி.யா என்று யோசிப்பவர்கள், வகுப்பு நடத்திக்கொண்டே ஏதாவது உருப்படியாக எழுத நினைக்கும் ஆசிரியர்கள், ஆடத் தெரியாவிட்டாலும் ஆடியவர்களைப் பற்றித் தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் எல்லாருக்குமாக இதை எழுதுகிறேன். தமிழ்நாட்டை, அதிலும் சதிர் (தேவதாசிகள் ஆடிவந்த ஆட்டம்) பரதநாட்டியமாக மாறிய காலத்தை ஒட்டியே பேசப்போகிறேன்.

புதிதாக வருகிறவர்களில் பெரும்பாலோர் நாட்டிய சாஸ்திரத்தில் தொடங்கி, சிலப்பதிகாரம் வழியாக நடந்து, கோயில் சிற்பங்களில் கொஞ்சம் இளைப்பாறி, கடைசியில் தங்கள் குருவிடம் வந்து நிற்பார்கள். இப்படி எழுதப்பட்ட ஆய்வேடுகள் நூலக அலமாரிகளில் நிறையவே இருக்கின்றன. இன்னொன்று வேண்டாம்.

ஆட்டம் தாளில் தங்காது. ஆடினார், பார்த்தார்கள், கலைந்தார்கள். ஆனால் ஆடியவருக்கு நெல் அளந்தவர், சம்பளம் பற்று எழுதியவர், மானியம் விட்டவர், அந்த மானியத்துக்காக வழக்காடியவர், டிக்கெட் அச்சடித்தவர் எல்லாரும் எழுதிவைத்திருக்கிறார்கள். அதனால் ஆட்டக்காரரைத் தேடுகிறவர் பணம் போன தடத்தைப் பிடிக்க வேண்டும். கலை வேண்டாம் என்று சொல்லவில்லை. கலையைப் பற்றிய நல்ல செய்திகளும் அந்தத் தடத்தில்தான் கிடைக்கின்றன.

முதலில் கேள்வியைச் சுருக்குங்கள்

“பரதநாட்டியத்தின் தோற்றமும் வளர்ச்சியும்” என்பது தலைப்பு; அதில் கேள்வி இல்லை. “1930களில் சென்னைக்குக் குடிபெயர்ந்த ஒரு நட்டுவனார் (ஆட்டம் சொல்லிக்கொடுத்து, தாளம் போட்டு நடத்துபவர்) எதை வைத்துக் குடும்பம் நடத்தினார்?” என்பது கேள்வி. “ஒரு குறிப்பிட்ட கோயிலின் நடன மானிய நிலம் 1929க்குப் பிறகு யார் பெயருக்கு மாறியது?” என்பது அதைவிட நல்ல கேள்வி. கேள்வியில் ஓர் ஊர், ஒரு காலம், ஒரு தொழில் இருக்கட்டும். இந்த மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் ஆவணக் காப்பகத்தில் எந்தக் கட்டைக் கேட்பது என்றே தெரியாமல் நிற்பீர்கள்.

அந்த 1929 என்ன என்று கேட்பீர்கள். கோயிலில் ஆடுவதற்காகப் பெண்களுக்கு நிலம் மானியமாக விடப்பட்டிருந்தது. ஊழியம் நின்றால் நிலமும் போய்விடும் என்ற நிலை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சென்னைச் சட்டமன்றத்தில் எடுத்த முயற்சியால் 1929இல் இந்து அறநிலையச் சட்டம் திருத்தப்பட்டு, ஊழியத்தையும் நிலத்தையும் இணைத்த முடிச்சு அவிழ்க்கப்பட்டது. பெண்களைக் கோயிலுக்கு நேர்ந்துவிடும் சடங்கான பொட்டுக்கட்டுவதைத் தடை செய்த சட்டம் வந்தது 1947இல். இந்தப் பதினெட்டு ஆண்டு இடைவெளியில் சின்னமேளக் குடும்பங்களில், அதாவது சதிராட்டத்தைத் தொழிலாகக் கொண்ட குடும்பங்களில், வரவு செலவு எப்படித் தலைகீழானது என்பதை ஊர் ஊராகப் பார்க்க இன்னும் எவ்வளவோ இடம் இருக்கிறது.

பிறகு படியுங்கள், ஆனால் சந்தேகத்தோடு

கடந்த நாற்பது ஆண்டுகளில் சதிர், தேவதாசி முறை, கலாக்ஷேத்ரா பற்றி ஆங்கிலத்தில் நல்ல ஆய்வுகள் வந்திருக்கின்றன, தமிழிலும் உண்டு. நாலைந்தைத் தேர்ந்தெடுத்து, உள்ளடக்கத்தைவிட அடிக்குறிப்புகளைக் கவனமாகப் படியுங்கள். எந்தக் காப்பகம், எந்த அரசாணை எண், எந்தப் பத்திரிகை என்பதெல்லாம் அங்கேதான் ஒளிந்திருக்கும். ஒரு வாரம் போதும். படித்துக்கொண்டே இருந்தால் எழுத மாட்டீர்கள்.

ஒரு விவாதத்தை எல்லாப் பக்கமிருந்தும் படித்துப் பழகுங்கள். 1932 கடைசியில், சென்னை மாகாண முதலமைச்சரான பொப்பிலி ராஜாவுக்கு நடந்த வரவேற்பில் சதிர் வைத்ததைக் கண்டித்து முத்துலட்சுமி ரெட்டி எழுத, வழக்கறிஞர் இ. கிருஷ்ணய்யர் பதில் எழுத, பத்திரிகைகளில் பெரிய சண்டையே நடந்தது. ஒருவர் ஒழிக்க வேண்டும் என்கிறார், மற்றவர் காக்க வேண்டும் என்கிறார். இருவருமே ஆடிப் பிழைத்த குடும்பத் தலைவியின் இடத்திலிருந்து பேசவில்லை. அந்தக் குரல் வேண்டுமானால் 1920களின் கடைசியில் தேவதாசிப் பெண்களே அரசுக்கு அனுப்பிய மனுக்களைப் பார்க்க வேண்டும். அதே மரபிலிருந்து வந்து, அந்த முறையையே கடுமையாக எதிர்த்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரையும் சேர்த்துப் படிக்க வேண்டும். இவர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. “தேவதாசிகளின் நிலைப்பாடு” என்று ஒருமையில் எழுதுவதற்கு முன் யோசியுங்கள்.

தேடும் சொல் சரியாக இருக்க வேண்டும்

பழைய அட்டவணையில் “பரதநாட்டியம்” என்று தேடினால் 1930களுக்கு முன்னால் அநேகமாக ஒன்றும் கிடைக்காது. அந்தப் பெயர் நிலைபெற்றதே சென்னை மியூசிக் அகாடமி மேடைகளுக்குப் பிறகுதான். சதிர், தாசியாட்டம், சின்னமேளம், நாட்ச் (nautch) என்று தேடுங்கள். கல்வெட்டு என்றால், கோயில் பெண்களைக் குறிக்கும் தேவரடியார், தளிச்சேரிப் பெண்டுகள், பதியிலார் என்ற சொற்கள். ஆங்கில ஆவணங்களில் நடனத்துக்குத் தனித் தலைப்பு இருக்காது. இனாம், அறநிலையம், தத்து, வாரிசு என்ற தலைப்புகளுக்குள் புதைந்திருக்கும்.

பெயர்களிலும் ஒரு நுணுக்கம் உண்டு. இந்தக் குடும்பங்களில் வம்சம் தாய்வழியில் எண்ணப்பட்டது. முன்னெழுத்து ஊரையோ தாயையோ குறிக்கும். தகப்பன் பெயரை வைத்துத் தேடினால் வழி அடைபடும். பாலசரஸ்வதியின் (1918–1984) மரபைச் சொல்ல வேண்டுமென்றால் தாய் ஜெயம்மாள், பாட்டி வீணை தனம்மாள் என்றுதான் மேலே போக வேண்டும்.

ஒரு கல்வெட்டை எப்படிப் படிப்பது

இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் நடனக் கலைஞரின் வேலை பற்றி நமக்குக் கிடைத்திருக்கும் மிக விரிவான பழைய ஆவணம் தஞ்சைப் பெரிய கோயில் சுவரிலேயே இருக்கிறது. முதலாம் இராஜராஜனின் 29ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது, கி.பி. 1014ஐ ஒட்டியது. தென்னிந்தியக் கல்வெட்டுகள் தொகுதி 2இல் 66ஆம் எண்ணாக அச்சில் இருக்கிறது. நானூறு தளிச்சேரிப் பெண்டுகளை வெவ்வேறு ஊர்க் கோயில்களிலிருந்து வரவழைத்துக் குடியமர்த்தியதைச் சொல்கிறது.

வழக்கமாக இதைச் சோழர் காலக் கலைப் பெருமைக்குச் சான்றாக ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். நீங்கள் அப்படிப் போகாதீர்கள். ஒவ்வொரு பெண்ணுக்கும் எந்தத் தெரு, எந்தச் சிறகு (வீட்டு வரிசை), எத்தனையாவது வீடு, எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர், பெயர் என்ன என்று பட்டியல் போகிறது. கிட்டத்தட்ட எல்லாருடைய பெயருக்கும் முன்னால் “நக்கன்” என்று வருகிறது. ஒருவருக்கு ஒரு பங்கு. பங்கு என்றால் ஆண்டுக்கு நூறு கலம் நெல். அதை அளக்கும் மரக்காலுக்கே ஆடவல்லான் என்று பெயர்! நட்டுவம் செய்தவர்களுக்கு இரண்டு பங்கு. ஆடியவருக்கும் ஆட்டுவித்தவருக்கும் ஒன்றுக்கு இரண்டு என்ற கணக்கு அன்றைக்கே இருந்திருக்கிறது.

அதே கல்வெட்டு தொடர்ந்து போகிறது. பாடுபவர், கொட்டுபவர், கணக்கர், குயவர், வண்ணார், நாவிதர், தையற்காரர் என்று எல்லாரும் அதே பங்குக் கணக்கில் வருகிறார்கள். ஆட்டக்காரி அங்கே தனித் தேவதையாக நிற்கவில்லை. ஒரு பெரிய நிறுவனத்தின் சம்பளப் பட்டியலில் ஒருவராக இருக்கிறார். கடைசியில் ஒரு விதியும் இருக்கிறது: இவர்களில் ஒருவர் இறந்தாலோ வேறு நாட்டுக்குப் போனாலோ நெருங்கிய உறவினர் அந்த வேலையைச் செய்து காணியைப் (அந்த வேலைக்குரிய பரம்பரை உரிமையை) பெறலாம், அவருக்குத் தகுதி இல்லாவிட்டால் தகுதியான வேறொருவரை வைத்துச் செய்விக்க வேண்டும். பரம்பரை வேலைதான், ஆனால் வேலை தெரிந்திருக்க வேண்டும். அந்தத் தகுதியை யார் சோதித்தார்கள், எப்படிச் சொல்லிக்கொடுத்தார்கள் என்ற கேள்வி இங்கேயே முளைக்கிறதல்லவா? நடனக் கல்வி வரலாறும் தொழில் வரலாறும் ஒரே கல்வெட்டில் வந்துவிட்டன.

இதோடு சிலப்பதிகாரத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். மாதவி ஐந்து வயதில் தொடங்கி ஏழாண்டு பயின்று, பன்னிரண்டு வயதில் அரங்கேறி, தலைக்கோல் பட்டமும் ஆயிரத்தெட்டுக் கழஞ்சுப் பொன்னும் பெறுகிறாள். அது காப்பியம். அந்தக் காலத்தவர் எதை உயர்வாக நினைத்தார்கள் என்பதற்கு நல்ல சான்று. சம்பளச் சான்றாக அதை எடுத்துக்கொண்டால் வழுக்கிவிடும்.

எங்கே போவது, என்ன கேட்பது

எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம்தான் 19, 20ஆம் நூற்றாண்டுகளுக்கு முதல் இடம். வழிகாட்டியிடமோ நிறுவனத்திடமோ அறிமுகக் கடிதம், அடையாள அட்டை, தலைப்பைத் தெளிவாகச் சொல்லும் அரைப்பக்கக் குறிப்பு ஆகியவற்றோடு போங்கள். அரசாணை வேண்டுமென்றால் துறை, எண், தேதி மூன்றும் வேண்டும். அதற்கு முன்னால் அந்தந்த ஆண்டின் அட்டவணைத் தொகுதிகளைப் புரட்ட வேண்டியிருக்கும். சலிப்பான வேலைதான், ஆனால் அதற்குக் குறுக்குவழி கிடையாது. மானிய நிலங்களை விசாரிக்க 1858இல் தொடங்கிய இனாம் கமிஷனின் பதிவேடுகளை மறக்காமல் கேளுங்கள். எந்த ஊர்க் கோயிலில் யாருக்கு, எந்த ஊழியத்துக்காக, எவ்வளவு நிலம் என்பதைப் பத்தி பத்தியாகப் பிரித்து எழுதியிருப்பார்கள். ஒரு தாலுகாவை மட்டும் எடுத்துக்கொண்டு நடன ஊழியத்தை மட்டும் பிரித்தெடுத்தால் அதுவே தனிக் கட்டுரை ஆகும்.

தஞ்சை அரண்மனை ஆட்டம் உங்கள் விஷயமென்றால் அங்குள்ள சரஸ்வதி மகால் நூலகமும் மோடி ஆவணங்களும். மராட்டியர் கால அரண்மனைக் கணக்குகள், மராத்தியை வேகமாக எழுதப் பயன்பட்ட மோடி எழுத்தில் உள்ளன. எழுத்தைக் கற்கும்வரை காத்திருக்க வேண்டாம். தமிழ்ப் பல்கலைக்கழகம் ஒரு பகுதியைத் தமிழாக்கித் தொகுதிகளாக வெளியிட்டிருக்கிறது. சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்ற தஞ்சை நால்வர், அலாரிப்பு முதல் தில்லானா வரையிலான கச்சேரி வரிசையை ஒழுங்குபடுத்தியவர்கள் என்று எல்லாருக்கும் தெரியும். அவர்களும் சம்பளம் வாங்கிய அரண்மனை ஊழியர்களே. வடிவேலு திருவிதாங்கூருக்குப் போய் சுவாதித் திருநாள் அவையில் இருந்ததையும், வேலை மாறிய கலைஞரின் கதையாக ஒருமுறை படித்துப் பாருங்கள்.

அச்சுப் பொருள்களுக்குத் தரமணியிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். பழைய பத்திரிகைகள், பாட்டுப் புத்தகங்கள், நோட்டீசுகள் எல்லாம் அங்கே உண்டு. நோட்டீசு கையில் கிடைத்தால் ஆடியவர் பெயரோடு நின்றுவிடாதீர்கள். டிக்கெட் விலை எத்தனை வகுப்பாகப் பிரிந்திருக்கிறது, பெண்களுக்குத் தனி இடம் என்று போட்டிருக்கிறதா, நட்டுவனார் பெயர் எந்த அளவு எழுத்தில் இருக்கிறது, எந்த அச்சகம், நிகழ்ச்சி எத்தனை மணிக்கு என்று ஒவ்வொன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். பத்து நோட்டீசுகளை வரிசையாக வைத்தாலே, நட்டுவனார் பெயர் சுருங்கிக்கொண்டே வருகிறதா பெரிதாகிறதா என்பது தெரிந்துவிடும்.

பலரும் தொடாத இடம் நீதிமன்றம். தாசிகளின் தத்து உரிமை, தாயிடமிருந்து மகளுக்குப் போகும் சொத்து, சிறுமிகளைப் பொட்டுக்கட்டியதற்காகத் தண்டனைச் சட்டம் 372, 373 பிரிவுகளில் நடந்த வழக்குகள் ஆகியவை 19ஆம் நூற்றாண்டின் சென்னை உயர்நீதிமன்றத் தீர்ப்புத் தொகுப்புகளில் இருக்கின்றன. சட்டக் கல்லூரி நூலகத்தில் கேட்டால் எடுத்துக்கொடுப்பார்கள். நீதிபதியின் ஒழுக்கப் பிரசங்கத்தைத் தாண்டிச் சாட்சியங்களைப் படியுங்கள். வீட்டில் எத்தனை பேர், யார் சம்பாதித்தார், நகை யாருடையது என்பதெல்லாம் அங்கே வரும்.

தேதியில் கவனம்

வருவாய் ஆவணங்களில் பசலி ஆண்டு இருக்கும். அதோடு 590ஐக் கூட்டினால் ஆங்கில ஆண்டு. பசலி ஜூலையில் தொடங்குவதால் பசலி 1300 என்பது 1890–91. தமிழ் ஆண்டுப் பெயர் மட்டும் இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். அறுபது ஆண்டுக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பி வரும். “பிரபவ” என்று மட்டும் எழுதியிருந்தால் அது 1867ஆக இருக்கலாம், 1927ஆக இருக்கலாம். அதே தாளில் உள்ள அதிகாரி பெயர், முத்திரைத்தாள், நாணயக் கணக்கு இவற்றை வைத்துத்தான் தீர்மானிக்க முடியும். குறிப்பெடுக்கும்போது மூலத்தில் உள்ள தேதியை அப்படியே எழுதிவிட்டு, நீங்கள் மாற்றிய தேதியை வேறு மையில் எழுதுங்கள்.

மனிதர்களிடம் பேசுவது

வயதான நட்டுவனார்கள், மிருதங்கக்காரர்கள், ஆடி ஓய்ந்தவர்கள், ஒப்பனைக்காரர்கள். கடைசியில் சொன்னவர்களை யாரும் கேட்பதில்லை; அவர்களுக்குத்தான் மேடைக்குப் பின்னால் நடந்தது தெரியும். “உங்கள் கலைப்பயணம் பற்றிச் சொல்லுங்கள்” என்று தொடங்கினால் ஏற்கெனவே நூறு பேட்டியில் சொன்னதையே சொல்வார்கள். அவர்கள்மேல் தப்பில்லை, கேள்வி அப்படி. “மாஸ்டர், அன்னிக்கு வண்டிக் கூலி யார் குடுத்தாங்க?” “சலங்கை யாரோடதும்மா? சொந்தமா, இரவலா?” “கச்சேரி முடிஞ்சப்புறம் சாப்பாடு எங்கே?” என்று கேளுங்கள். கதை தானாக வரும். தாளம் தட்டும் தட்டுக்கழியும் தட்டுமணையும் வீட்டில் இருந்தால் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். கையில் பொருள் இருந்தால் நினைவு வேறு மாதிரி வேலை செய்யும்.

ஒலிப்பதிவுக்கு முன் அனுமதி கேளுங்கள், அதையும் பதிவு செய்யுங்கள். எழுதி முடித்ததும் ஒரு பிரதி கொண்டுபோய்க் கொடுங்கள். இதைச் செய்கிறவர்கள் குறைவு. அதனால்தான் பல வீடுகளில் ஆராய்ச்சி என்றதும் கதவு பாதிதான் திறக்கிறது. ஒருவருடைய நாள் போகிறது என்றால் அதற்கு ஈடு செய்வதிலும் தவறில்லை என்பது என் கருத்து.

இன்னொன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். இனாம் பதிவேட்டில் கண்ட பெயரை வைத்துக்கொண்டு, இன்றைக்கு அந்தத் தெருவில் இருக்கிற குடும்பத்தின் கதவைத் தட்டி “உங்கள் கொள்ளுப்பாட்டி தேவதாசியா?” என்று கேட்காதீர்கள். பல குடும்பங்கள் அதைப் பேசுவதில்லை என்று முடிவெடுத்துப் பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன. அந்த முடிவை மாற்றும் உரிமை நமக்கு இல்லை. அறிமுகமானவர் வழியாகப் போங்கள், அவர்களாகச் சொன்னால் கேளுங்கள், அச்சில் ஊரையும் பெயரையும் மாற்றுங்கள். பொது வாழ்வில் இருந்தவர்கள் விஷயம் வேறு.

இன்றைய தொழிலை ஆராய வேண்டுமென்றால்

இதற்குக் காப்பகம் தேவையில்லை. டிசம்பர் சீசனில் பகல் நேரக் கச்சேரி ஒன்றின் வரவு செலவை ஆடுபவரிடம் கேட்டு எழுதினால் போதும்: சபா கொடுத்தது, பக்கவாத்தியத்துக்குப் போனது, ஒப்பனை, உடை, போட்டோ, வீடியோ, போக்குவரத்து. இளம் கலைஞர்கள் பலருக்கு ஆடுவது செலவு, சொல்லிக்கொடுப்பது வரவு. ஆகவே நடனக் கலைஞரின் தொழில் வாழ்க்கையை எழுதுகிறவர் மேடையைவிட வகுப்பறையில் அதிக நேரம் உட்கார வேண்டும். பேர் போட மாட்டேன் என்று உறுதி கொடுத்தால்தான் உண்மைத் தொகை வரும்.

கரகாட்டக் கலைஞர்களிடம் இதே கேள்வியைக் கொண்டுபோனால் பதில் வேறு விதமாக இருக்கும். அங்கே ஆடுவதே வரவு. கோயில் திருவிழாக் காலத்தில் ஓட்டம், மழைக்காலத்தில் வேறு கூலி வேலை. அட்வான்ஸ் வாங்கினது யார், செட்டுக்குள் எப்படிப் பிரிக்கிறார்கள், நலவாரிய அட்டை இருக்கிறதா என்று கேட்க வேண்டும். சபா நடனத்தையும் திருவிழா ஆட்டத்தையும் ஒரே ஆய்வில் பக்கத்தில் பக்கத்தில் வைப்பவர்கள் குறைவு. துணிந்து வையுங்கள்.

கல்வியை ஆராய்வது

1936இல் ருக்மிணி தேவி தொடங்கிய கலாக்ஷேத்ரா வந்த பிறகு, குருவின் திண்ணையில் நடந்தது வகுப்பு, பாடத்திட்டம், பட்டயம் என்று மாறியது என்பது பொதுவாகச் சொல்லப்படும் கதை. அதைச் சரிபார்க்கத் தேவையான சான்றுகள் எளிமையானவை. மாணவியரின் நோட்டுப் புத்தகங்களைச் சேகரியுங்கள். அடவுகள் (அடிப்படை ஆட்ட அசைவுகள்) எந்த வரிசையில் எழுதப்பட்டிருக்கின்றன, சொற்கட்டு (அதற்குச் சொல்லும் தாளச் சொற்கள்) தமிழிலா ஆங்கில எழுத்திலா, அபிநயத்துக்குக் குறிப்பு உண்டா, முத்திரைப் பட்டியல் எப்போது தேர்வுக் கேள்வியாகிறது? அரசு மாவட்ட இசைப்பள்ளிகளில் பரதநாட்டியத்துக்கு மூன்றாண்டுப் படிப்பு இருக்கிறது. அங்கே படிப்பவர்களும் நகரத்துத் தனியார் வகுப்பில் படிப்பவர்களும் பிறகு என்ன ஆகிறார்கள் என்று பத்துப் பேரையாவது பின்தொடர்ந்து பாருங்கள்.

நட்டுவனார் என்ன ஆனார் என்பதும் இங்கே வர வேண்டும். பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் ருக்மிணி தேவி கற்றார். அவருடைய மருமகன் சொக்கலிங்கம் பிள்ளை கலாக்ஷேத்ராவில் ஆசிரியராக இருந்தார். சொக்கலிங்கம் பிள்ளை விலகிய பின் அங்கே பயின்றவர்களே நட்டுவாங்கம் செய்யத் தொடங்கினார்கள். வழுவூர் இராமையா பிள்ளை சினிமாவுக்கும் நடனம் அமைத்தார். 1947இல் வந்த ‘நாம் இருவர்’ படத்தில் குமாரி கமலா ஆடியது ஊரெங்கும் பெண் குழந்தைகளை நடன வகுப்புக்கு அனுப்ப வைத்தது என்று பலர் சொல்வார்கள். சொல்வதை அப்படியே எழுதாமல், ஏதாவது ஒரு ஊரில் அந்த ஆண்டுகளில் எத்தனை நடனப் பள்ளிகள் விளம்பரம் கொடுத்தன என்று உள்ளூர்ப் பத்திரிகையில் எண்ணிப் பாருங்கள்.

எழுதத் தொடங்க

எல்லாம் சேரட்டும் என்று காத்திருக்காதீர்கள். கையில் கிடைத்த ஒரே ஓர் ஆவணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மனுவோ, ஒரு நோட்டீசோ, ஒரு நோட்டுப் புத்தகமோ எதுவானாலும் சரி. அதை யார் எழுதினார், யாருக்கு எழுதினார், எதற்காகப் பாதுகாத்தார்கள், அதில் யார் பெயர் விடுபட்டிருக்கிறது என்று ஐந்து பக்கம் எழுதுங்கள். படம் எடுத்த கோப்புகளுக்குக் காப்பகம், கட்டு எண், பக்கம், தேதி வருமாறு பெயர் வைத்து இரண்டு இடத்தில் சேமியுங்கள். அந்த ஐந்து பக்கத்தை நடனம் தெரிந்த ஒருவரிடமும், நடனமே தெரியாத ஒருவரிடமும் கொடுங்கள். முதலாமவர் எங்கே “அப்படி இல்லையே” என்கிறாரோ, இரண்டாமவர் எங்கே “அப்புறம் என்ன ஆச்சு?” என்கிறாரோ, அந்த இரண்டு இடங்களையும் குறித்துக்கொண்டு மறுபடி காப்பகத்துக்குப் போங்கள்.